திருக்கடையூர் ரயில் நிலைய வரலாற்றுக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியீர், வணக்கம்.

1926இல் திறக்கப்பட்டு 1986இல் மூடப்பட்ட மயிலாடுதுறை – தரங்கம்பாடி மீட்டர் கேஜ் கிளைப்பாதையையும், சுமார் 30 கிலோமீட்டர் நீண்ட அப்பாதையில் எங்கள் ஊருக்கு வாய்த்திருந்த சிறு நிலையத்தையும் பற்றிய வரலாற்றை எழுதி முடித்திருக்கிறேன். இது என் ஒருவனால் ஆன காரியமன்று.

முதல் நன்றி, தண்டவாளப் பராமரிப்புத் தொழிலாளியாக, அதாவது கேங்மேனாக, இருந்து ஓய்வுபெற்ற பெரியவருக்கு. தண்டவாளம் பெயர்த்தெடுக்கப்பட்ட தடத்தில், சித்திரை வெயிலையும் பொருட்படுத்தாமல் என்னுடன் நடந்துவந்த அவர், வரப்போரம் மண்ணில் புதைந்திருந்த கருங்கல் ஒன்றைத் தோண்டியெடுத்து, "வண்டல் மண்ணில் கல் ஏது தம்பி? இது நாங்கள் கொட்டிய ஜல்லி" என்றார். பாதை சென்ற திசையை அதன் பிறகு என்னாலேயே கண்டுகொள்ள முடிந்தது.

தம் பெற்றோர் அபிராமி சன்னதியில் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள வந்தபோது வாங்கிய அட்டை டிக்கெட்டைக் குங்குமச் சிமிழுடன் காத்துவந்த அம்மையாருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். மயிலாடுதுறை என்ற பெயர் 1982இல் திரும்புவதற்கு முந்தையதாகையால் அதில் 'மாயூரம்' என்றே அச்சாகியுள்ளது. பரிசோதகர் கத்தரித்த ஓரமும், தேதி அழுந்திய தடமும் இன்றும் விரலுக்குத் தட்டுப்படுகின்றன.

காந்தியடிகள் தில்லையாடிக்கு இந்த ரயிலில்தான் வந்தார் என்று ஊரார் சொன்னதை அப்படியே எழுதியிருந்தேன். அவர் வந்தது 1915இல், பாதை வந்ததோ 11 ஆண்டுகள் கழித்து என்று திருத்திய வரலாற்று ஆசிரியர் ஐயா, அதைவிடப் பெரிய உண்மை ஒன்றையும் உணர்த்தினார்: இது அந்நாளைய மாவட்ட நிர்வாக அமைப்பான தஞ்சை ஜில்லா போர்டு சொந்தமாகப் போட்டு, தென்னிந்திய ரயில்வே ஓட்டிய பாதை. நிலவரியோடு சேர்த்து வசூலித்த ரயில் செஸ் என்னும் கூடுதல் வரிப் பணத்தைக் கொண்டு மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை) – முத்துப்பேட்டைப் பாதையை 1894இலேயே திறந்துவிட்ட போர்டு அது. நட்டக் கணக்கைக் காட்டி மூடியபோது இந்த வரலாற்றையும் எண்ணிப் பார்த்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

பழைய ஆவணங்களைப் பொறுமையுடன் தேடித்தந்த நூலகப் பணியாளர்களுக்கும் என் நன்றி.

அம்மையாரின் டிக்கெட்டை அடுத்த வாரம் நேரில் ஒப்படைக்கிறேன். அந்த ஜல்லிக் கல்லை மட்டும் என்னிடமே வைத்துக்கொள்ளப் பெரியவர் அனுமதிக்க வேண்டும்.

என்றும் நன்றியுடன்,
திருக்கடையூர்க்காரன்