வெள்ளையாக்குவதெல்லாம் சுத்தமாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அருங்காட்சியகங்களில் உள்ள பழங்காலச் சலவைக்கல் சிலைகளைப் பற்றிய செய்திகளில், 'புதுசு போலப் பளிச்சென்று துலக்கி வைத்திருக்கிறார்கள்' என்ற பாராட்டு அடிக்கடி தென்படுகிறது. பித்தளைப் பாத்திரத்துக்கு அது சரி. இரண்டாயிரம் ஆண்டுப் பழைய கல்லுக்கு அது பாராட்டே அல்ல.

சிற்பியின் உளித்தடமும் வண்ணத்தின் மிச்சமும் கல்லின் மேல்தோலில்தான் இருக்கின்றன. அந்தத் தோலோ மிக மெல்லியது. சலவைக்கல் என்பது கால்சியம் கார்பனேட். பத்து வரை போகும் கடினத்தன்மை அளவுகோலில் 3தான், பேனாக்கத்தியே கீறிவிடும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்டால் நுரைக்கும். அழுக்கு கரைகிறது என்று நினைப்பார்கள், கரைவது கல்.

இதற்குப் பெரிய பாடம் ஏதென்ஸ் பார்த்தினான் கோயில் சிற்பங்கள். அவை செதுக்கப்பட்ட பென்டெலிகான் மலைக் கல்லில் கொஞ்சம் இரும்பு உண்டு. வெயிலும் மழையும் பட்டுக் காலப்போக்கில் அதில் தேன்நிறம் ஏறும். அந்தச் சிற்பங்களில் பல இருக்கும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1937-38ல் அந்த நிறத்தை அழுக்கென்று கருதி, செம்புக் கருவிகளாலும் கார்பொரண்டம் என்ற சாணைக்கல் பொருளாலும் சுரண்டினார்கள். கார்பொரண்டத்தின் கடினத்தன்மை 9க்கும் மேல். வேலையை நிறுத்துவதற்குள் பல சிற்பங்களின் மேல்தோல் போய்விட்டது. போன தோலை எந்தப் பசையாலும் திரும்ப ஒட்ட முடியாது.

கிரேக்கச் சிலைகள் வெள்ளையாகப் பிறந்தவை அல்ல, வண்ணம் பூசப்பட்டவை. அவர்கள் பயன்படுத்திய 'எகிப்திய நீலம்' என்ற நிறமிக்கு ஒரு விசேஷ குணம் உண்டு: சாதாரண ஒளி பட்டால் அகச்சிவப்பில் ஒளிரும். கேமராவின் உள்ளே இருக்கும் அகச்சிவப்புத் தடுப்பு வடிகட்டியை எடுத்துவிட்டு, அகச்சிவப்பை மட்டும் விடும் வடிகட்டியை லென்ஸில் மாட்டி, அகச்சிவப்பு கலக்காத எல்.இ.டி. ஒளியில் படம் எடுத்தால், கண்ணுக்கே தெரியாத நீலத் துகள்கள் இருட்டில் வெள்ளைப் புள்ளிகளாக மின்னும். பார்த்தினான் சிற்பங்களில் ஐரிஸ் தேவதையின் இடுப்புக் கச்சையில் நீலம் இருந்தது 2009ல் இப்படித்தான் தெரியவந்தது. சிலையைத் தொடவே வேண்டியதில்லை. துலக்கிய பிறகு இந்தச் சோதனையைச் செய்து என்ன பயன்?

முறையாகச் செய்தால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். முதலில் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து முழுப் பரப்பையும் படம் எடுக்க வேண்டும். பிறகு மென்தூரிகையால் தூசியைத் தட்டி, அருகிலேயே வலை கட்டிய உறிஞ்சுகுழாயில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதன் பின் விரல்நகம் அளவு இடத்தில் மட்டும் ஒத்திகை: காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சைக் குச்சியில் சுற்றி உருட்ட வேண்டும், தேய்க்கக் கூடாது. பஞ்சு அழுக்கானால் மாற்ற வேண்டும். அதில் சிவப்போ நீலமோ தெரிந்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. அதிலுள்ள உப்பு விரிசலுக்குள் போய், காயும்போது படிகமாகி, கல்லைச் சர்க்கரை போல உதிர்த்துவிடும். பழைய ஒட்டுவேலையில் இரும்புக் கம்பி இருந்தால் நிலைமை இன்னும் மோசம். துரு பருத்துக் கல்லையே பிளக்கும்.

புகைக்கரி படிந்து கறுத்துக் கெட்டியான மேலோடு வேறு கதை. காற்றின் கந்தகம் கல்லை ஜிப்சமாக மாற்றி, அதில் கரி சிக்கிக்கொள்வதுதான் அது. ஏதென்ஸின் எரெக்தியான் கோயிலிலிருந்து 1979ல் இறக்கப்பட்ட ஐந்து கன்னிச் சிலைகளை அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் பார்வையாளர் கண்ணெதிரே லேசரால் சுத்தம் செய்தார்கள். கறுத்த மேலோடு லேசர் ஒளியை வாங்கி ஆவியாகும். வெளிர்கல் ஒளியைத் திருப்பிவிடும். ஆனால் அகச்சிவப்பு லேசர் மட்டும் போட்டால் கல் மஞ்சளடிக்கும். அதனால் புறஊதாக் கதிரையும் சேர்த்துப் பாய்ச்சினார்கள். தேன்நிறத்தில் கை வைக்கவில்லை.

எனவே சிலை சுத்தம் பற்றிய செய்தி வரும்போது, எவ்வளவு வெண்மையானது என்பதை விட்டு, எதைக்கொண்டு செய்தார்கள், எங்கே ஒத்திகை பார்த்தார்கள், எதை எடுக்காமல் விட்டார்கள் என்று உங்கள் நிருபர்கள் கேட்டு எழுத வேண்டுகிறேன். அதே அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் கி.மு. 530 வாக்கில் செதுக்கப்பட்ட 'பெப்லாஸ் கோரே' என்ற கன்னிச் சிலை நிற்கிறது. அதன் கூந்தலில் ஒட்டியிருக்கும் சிவப்பு இன்றும் வெறுங்கண்ணுக்கே தெரிகிறது.

இப்படிக்கு,
சிற்பப் பராமரிப்பாளர் ஒருவர்