அப்பாவின் பழைய ரேசரை எடுக்கும் பிள்ளைகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அக்குளிலும் தொடை இடுக்கிலும் சிவந்த கொப்புளங்களோடு பள்ளிப் பிள்ளைகள் தோல் மருத்துவரிடம் வருவது வாடிக்கையாகிவிட்டது. விசாரித்தால், குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, அப்பா பயன்படுத்திப் போட்ட ரேசரால் வறண்ட தோலிலேயே மழித்திருப்பார்கள். மஞ்சள் நீராட்டுக்குப் பத்திரிகை அடித்து ஊரைக் கூட்டும் நாம், அந்த வயதில் முளைக்கும் முடியைப் பற்றிப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பையன்களுக்கோ சடங்கும் இல்லை, பேச்சும் இல்லை.

பெண்பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், பையன்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் பருவ மாற்றம் தொடங்கும். பெரும்பாலும் அந்தரங்க முடி முதலில் வரும், ஓரிரு வருடம் கழித்து அக்குள் முடி. மீசை மேலுதட்டின் ஓரங்களில் அரும்பி நடுவுக்கு வரும், தாடி கடைசி. பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மார்க்காம்பின் அடியில் வலியோடு சிறு கட்டி தட்டுப்படும். பயந்துபோய் யாரிடமும் சொல்லாமல் இருப்பார்கள். பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் அது தானே மறைந்துவிடும்.

முடி அழுக்கல்ல. வியர்வை நாற்றம், அந்த வயதில் வேலை தொடங்கும் சுரப்பிகளின் கசிவைத் தோலிலுள்ள பாக்டீரியா சிதைப்பதால் வருவது. தினமும் சோப்புப் போட்டுக் குளித்து, ஈரம் போகத் துடைத்து, பருத்தி உள்ளாடை அணிந்தால் போதும். மழித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எடுக்க விரும்பினால் டிரிம்மரால் ஒட்ட வெட்டாமல் குறைத்துக்கொள்வதே நல்லது. மழிப்பதானால், நீண்ட முடியை முதலில் கத்தரித்துவிட வேண்டும். வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் நனைத்து, ஷேவிங் கிரீமோ ஜெல்லோ தடவி, முடி சாயும் திசையிலேயே அழுத்தாமல் ஓட்ட வேண்டும். எதிர்த்திசையில் ஓட்டினால் முடி தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டுப்படும்; திரும்ப வளரும்போது சுருண்டு தோலுக்குள்ளேயே குத்தும். மேலே சொன்ன கொப்புளங்களில் பல இப்படி வந்தவைதான். கிள்ளக் கூடாது. ஆறும்வரை பிளேடு வைக்காமல், வெதுவெதுப்பான ஈரத்துணியால் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். சீழ் பிடித்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

ரேசரைக் கூடப்பிறந்தவனோடும் பகிரக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தத்தின் வழியாகக்கூட, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் பரவும். மழித்தால் முடி அடர்ந்து வளரும் என்பதும் உண்மையில்லை. கூர்நுனி போய் மொட்டை நுனி வெளியே வருவதால் சொரசொரவென்று தெரிகிறது, அவ்வளவுதான்.

முடி நீக்கும் கிரீம் முடியின் புரதத்தைக் கரைப்பது. தோலிலும் அதே புரதம் இருப்பதால், பாக்கெட்டில் போட்ட நேரத்தைத் தாண்டினால் வெந்துபோகும். சிறிது தடவிக் கழுவிவிட்டு 24 மணி நேரம் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். பிறப்புறுப்பின் உட்புறத்தில் படவே கூடாது.

எங்களை அதிகம் வருத்துவது வேறொன்று. இடுக்கில் வட்டமாக அரிக்கும் படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்றுக்கு, மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பு வாங்கிப் பூசுகிறார்கள். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும்; பூஞ்சையோ உள்ளுக்குள் பரவிக்கொண்டிருக்கும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து வரிவரியாகக் கிழிந்த தழும்பு விழும். அந்தத் தழும்பு முழுதாக மறைவதே இல்லை.

பெண்ணுக்கு 8, பையனுக்கு 9 வயதுக்கு முன்பே மாற்றம் தெரிந்தாலும், 13 வயதாகியும் பெண்ணுக்கு மார்பு வளராவிட்டாலும், 15 வரை மாதவிலக்கு வராவிட்டாலும், 14 வரை பையனுக்கு விதை பெரிதாகாவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மோவாயில் தடித்த கறுப்பு முடியும் தள்ளிப்போகும் மாதவிலக்கும் சேர்ந்திருக்கும் பெண்ணை அழகு நிலையத்துக்கு மட்டும் அனுப்பிவைக்காதீர்கள். ஹார்மோன் பரிசோதனை தேவை.

எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவம் பற்றிப் பாடமே இருக்கிறது. அதை நடத்தும் நாளில் இவற்றையும் ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும். தங்கள் மாணவர் பக்கத்திலும் இதற்கு இடம் தர வேண்டுகிறோம்.

தோல் மருத்துவர்கள் இருவர்,
திருச்சி.