பூச்சாண்டிக்குப் பெரிய காதுகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் கிரேக்கத் தீவுகள் கட்டுரையைப் படித்தேன். சாந்தோரினியின் வெள்ளைச் சுவர்களுக்கும் நீலக் கும்மட்டங்களுக்கும் ஆறு பக்கம். மற்றவற்றுக்கு ஒரே வரி: 'சின்னத் தீவுகளில் இறங்கிப் பார்க்க ஒன்றுமில்லை.' அந்த ஒரு வரிதான் என்னை எழுத வைத்தது.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் மனைவியும் ரோட்ஸிலிருந்து கோஸுக்குப் போகும் வழியில், தீலோஸ் என்ற தீவில் ஓர் இரவு மட்டும் தங்குவதாக ஏற்பாடு. மறுநாள் மெல்தெமி கிளம்பிவிட்டது. ஏஜியன் கடலில் கோடையில் அடிக்கும் வடகாற்றுக்கு அதுதான் பெயர். கப்பல் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. டிக்கெட் கொடுத்தவர் கடலைக் காட்டிக் கையை விரித்தார். பணத்தைத் திருப்பித் தருவதைப் பற்றிக் கேட்டதற்கும் அதே கைவிரிப்புத்தான். அந்த எரிச்சலில்தான் ஊர் சுற்றக் கிளம்பினோம்.

தீலோஸ் அறுபது சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்பு. மக்கள் எண்ணூறு பேருக்கும் குறைவு. லிவாதியா என்பது துறைமுகம். கடற்கரையில் மணலுக்குப் பதில் கூழாங்கற்கள். ஒவ்வொரு அலை திரும்பும்போதும் கேழ்வரகை முறத்தில் போட்டுப் புடைப்பதுபோல ஒரு சத்தம். உள்ளே போனால் மொட்டைக் குன்றுகள், எங்கு பார்த்தாலும் ஆடுகள், காலில் மிதிபட்டால் மணக்கும் காட்டுத் துளிர்கள். 1993 முதல் இங்கே வேட்டைக்குத் தடை. அதனால் வல்லூறுகளும் கழுகுகளும் பயமில்லாமல் தலைக்கு மேலேயே வட்டமிடுகின்றன.

லிவாதியாவிலிருந்து மெகாலோ ஹோரியோ என்ற ஊருக்குப் போகும் வழியில் ஹர்காதியோ என்றொரு குகை இருக்கிறது. 1971இல் ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தின் சிமியோனிதிஸ் அங்கே தோண்டத் தொடங்கியபோது கிடைத்தவை யானை எலும்புகள். ஒன்றிரண்டு அல்ல, ஆயிரக்கணக்கில். எல்லாம் குள்ள யானைகள். நன்றாக வளர்ந்த யானையே ஏறக்குறைய ஓர் ஆள் உயரம்தான். கடல் மட்டம் இறங்கியிருந்த காலத்தில் பெரிய யானைகள் நீந்தி வந்து சேர்ந்திருக்கின்றன. தீவில் தீனி குறைவு, துரத்த சிங்கமோ புலியோ இல்லை. பெரிய உடம்பு தேவைப்படாமல் போகவே, தலைமுறை தலைமுறையாகச் சிறுத்துவிட்டன. ஐரோப்பாவில் கடைசியாக வாழ்ந்த யானைகள் இவைதாம் என்கிறார்கள்.

குகைக்குள் விடமாட்டார்கள். மெகாலோ ஹோரியோவின் சிறிய காட்சிக்கூடத்தில் எலும்புகளைப் பார்த்தோம். அதிலே ஒரு கடைவாய்ப்பல். புதிதாகக் கொத்துவிட்ட அம்மிக்கல் போல வரிவரியாக இருந்தது. கோயில் யானைக்கு வாழைப்பழம் கொடுத்து வளர்ந்த கும்பகோணத்துக்காரன் என்பதால், நம் யானைக்குத் தம்பி முறை என்றே மனத்துக்குள் உறவு கொண்டாடினேன். அது தப்பு. தீலோஸ் யானைக்கு மூதாதை, ஐரோப்பாவில் வாழ்ந்து அழிந்துபோன நேர்த்தந்த யானை. அது ஆப்பிரிக்காவின் அடர்காடுகளில் வாழும் யானை இனத்துக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்று 2017இல் மரபணு ஆய்வில் தெரியவந்தது.

மெகாலோ ஹோரியோ என்றால் பெரியூர். உச்சியில், இடைக்காலக் கிறிஸ்தவப் படைத்துறவிகளான புனித யோவான் அமைப்பின் வீரர்கள் கட்டிய கோட்டை சிதைந்து கிடக்கிறது. 1522க்குப் பிறகு துருக்கியர், 1912இல் இத்தாலியர், போர்க்காலத்தில் ஜெர்மானியர், 1948இல் முறைப்படி கிரேக்கம் என்று கொடிகள் மாறிக்கொண்டே இருந்திருக்கின்றன. இதை விரித்தால் உங்கள் பக்கம் தாங்காது. மிக்ரோ ஹோரியோ, அதாவது சிற்றூர், எனக்கு அதைவிட முக்கியம். கடற்கொள்ளையருக்குப் பயந்து மேட்டில் கட்டிய ஊர் அது. பயம் தீர்ந்தபின் ஜனங்கள் ஒவ்வொருவராகத் துறைமுகத்துக்கு இறங்கிவிட, 1960களோடு ஊர் காலி. வெறுங்கையோடு இறங்கவில்லை, கூரை மரங்களைப் பிரித்து எடுத்துக்கொண்டுதான் வந்தார்கள் என்று நாங்கள் தங்கியிருந்த வீட்டு அம்மாள் சொன்னார். அதனால் சுவர் நிற்கிறது, அடுப்பங்கரை மாடம் இருக்கிறது, மேலே வானம். வெள்ளையடித்த தேவாலயம் மட்டும் முழுசாக இருக்கிறது. கோடை இரவுகளில் அங்கே ஒரு மதுக்கடை திறக்கிறார்கள். இடிந்த வீடுகளுக்குள் விளக்குப் போட்டுவிடுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஊரே குடியிருப்பது போலத் தெரியும். என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. 'செத்த வீட்டில் சீரியல் பல்பா?' என்றாள். எனக்கோ பிடித்திருந்தது.

எரின்னா என்ற கவிஞர் இந்தத் தீவுக்காரி என்று ஒரு மரபு. ரோட்ஸும் லெஸ்போஸும்கூட உரிமை கொண்டாடுகின்றன. கி.மு. 4ஆம் நூற்றாண்டு, பத்தொன்பது வயதில் இறந்தார் என்பார்கள். கல்யாணமான கையோடு இறந்துபோன தோழி பௌகிஸுக்காக அவர் முந்நூறு அடிகளில் புலம்பியிருக்கிறார். 1928இல் எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் சுவடியில் எஞ்சியவை 54 அடிகள், அவையும் பாதிக்குப் பாதி சிதைந்தவை. இருவரும் சேர்ந்து ஆடிய ஆமை விளையாட்டு, படுக்கையில் வைத்துக் கொஞ்சிய பொம்மைகள், பிறகு மோர்மோ. குழந்தைகளை மிரட்டும் கிரேக்கப் பூச்சாண்டி அது. தலையில் பெரிய காதுகள், நான்கு காலில் நடக்கும், முகத்தை மாற்றிக்கொண்டே இருக்கும் என்று வருகிறது. ஹர்காதியோ எலும்புகளைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு அந்தக் காதுகள் யாருடையவை என்று தோன்றுமோ, அது எனக்கும் தோன்றியது. ஆதாரம் கேட்டால் தர மாட்டேன். கப்பல் வராத இரண்டு நாளில் வந்த யோசனை.

எங்கள் கப்பலை நிறுத்திய காற்று இப்போது அந்த ஊருக்கு விளக்கேற்றுகிறது. முன்பு கோஸிலிருந்து கடலடிக் கம்பி வழியாக வந்த மின்சாரத்தையே நம்பியிருந்தார்கள். கம்பி பழுதானால் தீவே இருட்டு. பின்னர் 800 கிலோவாட் காற்றாலை ஒன்றும், சூரியத் தகடுகளும், மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் பேட்டரிகளும் நிறுவிக்கொண்டார்கள். அதற்கு 2017இல் ஐரோப்பிய விருதும் கிடைத்தது.

ஒரு சின்னத் திருத்தம். கட்டுரையோடு போட்டிருந்த வரைபடத்தில் ரோட்ஸுக்கும் கோஸுக்கும் நடுவே வெறும் நீலம்தான் இருக்கிறது. அடுத்த முறை அச்சிடும்போது, நடுவிலே ஒரு புள்ளி வையுங்கள்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகர்,
கும்பகோணம்.