அந்த ஃபேண்டஸி அலமாரியைப் பற்றி

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. லைப்ரரியில் ஃபேண்டஸி அலமாரியை உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள், வருகிறவர்களெல்லாம் "இதுவரை படித்ததில்லை, எதில் ஆரம்பிக்கலாம்" என்று கேட்கிறார்கள், வகைக்கு ஒன்றாகப் பட்டியல் போடவேண்டும் என்றாய். போனில் பேசினால் நடுவில் அப்பா புகுந்து தென்னை மரம், வீட்டு வரி என்று பேச்சை இழுத்துக்கொண்டு போய்விடுவார், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். முப்பது வருடம் கிளை நூலகத்தில் இருந்தவள் நான். போன வருடம் லண்டனில் உன்னோடு ஆறு மாதம் இருந்தபோது நீ எடுத்துவந்து தந்ததையெல்லாம் ராத்திரி பகல் பாராமல் படித்தேன். அந்த உரிமையில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. வகைப் பெயர் உனக்கும் அலமாரிக்கும் வேண்டும், சரி, ஆனால் வாசகரிடம் அதைச் சொல்லி ஆரம்பிக்காதே. பெரிய யுத்தக் கதையான எபிக்கா, நகரத்தில் நடக்கிற அர்பனா, சண்டையில்லாத கோஸியா என்று கேட்டால் புதிதாக வந்தவர் மிரண்டுபோவார். "கடைசியாக எந்தக் கதையைக் கீழே வைக்க மனசில்லாமல் படித்தீர்கள்?" என்று கேள். சினிமாவைச் சொன்னாலும் பரவாயில்லை. பதில் சொல்லும்போது கவனி. அந்தக் கதையில் வந்த ஆளைப் பற்றிப் பேசுகிறாரா, ஊரைப் பற்றியா, அடுத்தடுத்து என்ன நடந்தது என்பதையா, இல்லை எழுதியிருந்த அழகையா. அமெரிக்காவில் நான்சி பெர்ல் என்கிற நூலகர் இதைத்தான் நான்கு வாசல்கள் என்று சொல்லிவைத்தார். எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறவர் என்று தெரிந்துவிட்டால் போதும், டிராகன் இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அப்புறம்.

ஒன்றுமே தெரியாமல் வருகிறவருக்கு நான் தருவது அர்சுலா லெ குவினின் 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ'. 1968இல் வந்தது, சன்னமான புத்தகம், மூன்று வாரத் தவணையில் இரண்டு தடவைகூடப் படித்துவிடலாம். ஆடு மேய்க்கிற பையன் ஒருவன், அவன் அத்தையோ சித்தியோ, கொஞ்சம் மந்திரம் தெரிந்தவள், கூரைமேல் ஏறிய ஆட்டை என்னமோ சொல்லிக் கூப்பிட அது இறங்கி வருவதைப் பார்த்துவிடுகிறான். மறுநாள் மேய்ச்சலில் அதே வார்த்தைகளை அர்த்தம் தெரியாமல் சொல்லிப் பார்க்கிறான். ஆடுகள் வருகின்றன. சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை சொல்கிறான், அவை இன்னும் நெருங்கி, அவனைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு, விலகத் தெரியாமல் நிற்கின்றன. அவன் பயந்து ஓட, அத்தனை ஆடும் அவனை நடுவில் வைத்துக்கொண்டே ஊருக்குள் ஓடிவருகின்றன. மந்திரம் என்றால் என்ன, அதைச் சொல்கிறவனுக்கு என்ன ஆகும் என்பது முழுக்க அந்த ஒரு காட்சியில் இருக்கிறது. ஆடு பார்த்திருக்கிற நமக்கு அது இன்னும் நன்றாகவே புரியும். இந்த இடத்தை மட்டும் வாசகரிடம் சொல், மற்றதைப் புத்தகம் பார்த்துக்கொள்ளும்.

பெரிய தொடர்களைப் பற்றி உனக்கு எச்சரிக்கை. நம் நூலகத்தில் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் ஒருசேர அலமாரியில் இருந்து நான் பார்த்த நாட்கள் குறைவு, இரண்டாம் பாகத்துக்காக மாசக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. ஃபேண்டஸியில் அந்தத் தொல்லை பல மடங்கு. ராபர்ட் ஜோர்டானின் 'வீல் ஆஃப் டைம்' பதினான்கு பாகம், அவர் 2007இல் இறந்துபோக, கடைசி மூன்றை பிராண்டன் சாண்டர்சன் முடித்துவைத்தார். டிவியில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்று வந்ததே, அந்த ஜார்ஜ் மார்ட்டினின் தொடரில் ஐந்தாவது 2011இல் வந்தது, வாசகர்கள் ஆறாவதுக்காக அப்போதிருந்து காத்திருக்கிறார்கள். நீண்ட தொடர்தான் வேண்டும் என்று கேட்டு வருகிறவருக்கு சந்தோஷமாக எடுத்துக்கொடு, ஆனால் முதல் பாகம் உள்ளே இருக்கிறதா, எத்தனை பாகம் வந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லிவிட்டுக் கொடு. டெர்ரி பிராட்செட் 'டிஸ்க்வேர்ல்ட்' தொடரில் நாற்பத்தியொரு நாவல் எழுதியிருக்கிறார், அதில் அந்தக் கவலையில்லை, நடுவிலிருந்து ஆரம்பிக்கலாம். நான் 'மார்ட்' கொடுப்பேன். மரணமே வந்து ஒரு பையனை வேலை பழகக் கூட்டிக்கொண்டு போகிறது. நம் எமனுக்கு எருமை, அந்த மரணத்துக்கு வெள்ளைக் குதிரை, அதன் பெயர் பிங்கி.

லண்டன்காரர்களுக்கு அவர்கள் ஊரிலேயே நடக்கிற 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்' இருக்கவே இருக்கிறது. பென் ஆரனோவிச் எழுதி 2011இல் வந்தது. கோவண்ட் கார்டனில் கொலை நடந்த இடத்தைக் காவல் காக்கிற இளம் போலீஸ்காரரிடம் ஒரு ஆவி வந்து சாட்சி சொல்கிறது. துப்பறியும் கதை மட்டுமே படிக்கிறவர்களை ஃபேண்டஸிக்குள் கொண்டுவர இதைவிட லேசான வழி எனக்குத் தெரியவில்லை. எனக்கு அதில் பிடித்தது நதிகள். தேம்ஸும் அதில் சேரும் கிளையாறுகளும் ஆட்களாக, பெண்களாக நடமாடுகின்றன, கோபித்துக்கொள்கின்றன, எல்லைக்குச் சண்டை போடுகின்றன. ஆடிப் பெருக்கன்று காவிரிக்குக் காதோலை கருகமணி விட்டு வளர்ந்தவள் நான், அதில் எனக்கு ஒரு அந்நியமும் தெரியவில்லை. நீ எடுத்துவந்த அன்றே பாதி முடித்துவிட்டேன், சாம்பார் அடிப்பிடித்தது ஞாபகம் இருக்கிறதா?

வேலை முடிந்து களைத்து வந்து, சண்டை சச்சரவு இல்லாமல் ஏதாவது வேண்டும் என்பவர்களுக்கு டிராவிஸ் பால்ட்ரியின் 'லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்'. வாள் பிடித்துப் பிழைத்த ஒரு ஓர்க் பெண், ஓர்க் என்றால் இந்தக் கதைகளில் வருகிற முரட்டு அரக்க இனம், போதும் என்று காபிக் கடை வைக்கிறாள், அந்த ஊரில் யாருக்கும் காபி என்றால் என்னவென்றே தெரியாது. கும்பகோணத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்காமல் விடுவேனா. காதல் கலந்தது வேண்டும் என்று 'ஃபோர்த் விங்' கேட்டு வருகிறவர்களை ஒரு பார்வைகூட வித்தியாசமாகப் பார்த்துவிடாதே. ஆசையோடு கேட்டு வந்ததைக் கையில் கொடு, அது பெரியவர்களுக்கான புத்தகம் என்பது மட்டும் உன் ஞாபகத்தில் இருக்கட்டும்.

பழைய தேவதைக் கதைகளைத் திருப்பிச் சொல்வதில் நவோமி நோவிக்கின் 'ஸ்பின்னிங் சில்வர்' என் மனசுக்கு மிக நெருக்கம். வட்டிக்குக் கொடுத்த பணத்தைக் கேட்கக் கூச்சப்படுகிற ஒரு யூதத் தகப்பன், வீட்டில் பட்டினி, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பனிக்காலத்தில் மகள் தானே கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிறாள். நியாயமான பணத்தைக் கேட்டதற்கு ஊர் அவளை எப்படிப் பார்க்கிறது என்பதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. வாண்டா என்று இன்னொரு பெண், அப்பன் பட்ட கடனுக்காக அந்த வீட்டுக்கு வேலைக்கு வருகிறாள், கணக்கு எழுதப் பழகுகிறாள், அதுவே அவளுக்கு மந்திரம் மாதிரி இருக்கிறது. வெள்ளியைப் பொன்னாக்கச் சொல்லும் பனி ராஜா எல்லாம் அதற்கு மேல்தான் வருகிறான்.

இரண்டு மொழியில் வாழ்கிறவர்களுக்கு, உன்னைப் போன்றவர்களுக்கு, ஆர். எஃப். குவாங்கின் 'பேபல்'. 1830களின் ஆக்ஸ்ஃபோர்டு. வெள்ளிக் கட்டியில் இரண்டு மொழிச் சொற்களைப் பொறிக்கிறார்கள், மொழிபெயர்ப்பில் எது தவறிப்போகிறதோ அதுவே சக்தியாகிறது. அந்த சக்தியை யார் அனுபவிக்கிறார்கள் என்பதுதான் கதை. பாதி வரை மெதுவாகப் போகும், அதைச் சொல்லிக் கொடு.

இப்போது நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், தினமும் சாயங்காலம் வந்து பேப்பர் படிக்கிற ஒரு பெரியவர், நல்ல நாவலாக ஒன்று கொடும்மா என்றார். எனக்கு உயிரான நாவலை ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன். அதில் நடுவில் மனைவி இறந்துபோவாள். அவர் மனைவி இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில், கதவைத் திறந்தவுடனே வந்து, புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார். அப்புறம் ரொம்ப நாள் அந்தப் பக்கமே வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன், என். கே. ஜெமிசினின் 'தி ஃபிஃப்த் சீசன்' மகத்தான புத்தகம், அதில் தொடங்குகிற தொடரின் மூன்று பாகத்துக்கும் 2016, 2017, 2018 என்று அடுத்தடுத்து, ஃபேண்டஸிக்கும் அறிவியல் கதைகளுக்கும் தருகிற ஹ்யூகோ விருது கொடுத்தார்கள், ஆனால் ஒரு தாய் வீட்டுக்கு வந்து, பெற்ற பிள்ளையைப் புருஷனே அடித்துக் கொன்றிருப்பதைப் பார்ப்பதில் தொடங்குகிறது. "இதில் குழந்தை இறப்பது வரும், பரவாயில்லையா?" என்று ஒரு வார்த்தை கேள். கதையைச் சொல்லிவிட்டோமே என்று நினைக்காதே.

துக்கத்தில் இருப்பவர் வந்தால் சுசானா கிளார்க்கின் 'பிரனேசி'யைக் காட்டு. முடிவே இல்லாத மண்டபங்கள், எங்கு பார்த்தாலும் சிலைகள், கீழே கடல் வந்து போகிறது, மேலே மேகம், அதற்குள் தனியாக ஒருவன் அலைகளின் கணக்கை எழுதிக்கொண்டு நன்றியோடு வாழ்கிறான். முதல் நாற்பது பக்கம் ஒன்றும் பிடிபடாது. எனக்கும் பிடிபடவில்லை, ஆனால் விட மனசு வரவில்லை.

பிடிக்காவிட்டால் பாதியில் திருப்பித் தரலாம் என்பதையும் வாய்விட்டுச் சொல். காசு கொடுத்து வாங்கியவர்தான் கஷ்டப்பட்டு முடிக்கவேண்டும். இதற்கும் நான்சி பெர்ல் ஒரு கணக்கு வைத்திருக்கிறார், ஐம்பது பக்கம் பார்க்கலாம், ஐம்பது வயது தாண்டியவர்கள் நூறிலிருந்து வயதைக் கழித்துவிட்டு மீதிப் பக்கம் பார்த்தால் போதும். எனக்கு முப்பத்திநான்கு பக்கம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்று நம் சீர்காழிக்காரர், நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931லேயே எழுதிவிட்டார். திரும்பி வருகிற புத்தகத்துக்கும் வேறொரு ஆள் வருவார், நீ அதை முகம் தெரிகிற மாதிரி அலமாரியில் திருப்பி வை.

அப்பாவுக்கு முட்டி வலி தேவலை. சித்திரை கடைசியில் டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன். அதே கிளார்க்கின் 'ஜொனாதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நாரெல்' நான் பாதியில் விட்டுவிட்டு விமானம் ஏறியது உனக்குத் தெரியும். யார்க் தேவாலயத்தில் கற்சிலைகள் எல்லாம் ஒரேயடியாகப் பேசத் தொடங்கும்போது, ஒரு சின்னச் சிலை, எத்தனையோ வருடத்துக்கு முன்னால் அங்கே ஒரு பெண்ணைக் கொன்றதைத் தான் பார்த்ததாகச் சொல்லும், அந்த இடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருக்கிறேன். நான் வரும் வாரத்துக்கு அதை ரிசர்வ் பண்ணி வை. பெரிய எழுத்தில் இருந்தால் அதையே எடு.

அன்புடன்,
அம்மா