கோயிலும் மானும் கடலும் மட்டுமா திருகோணமலை?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்கட பேப்பர்ல திருகோணமலை எண்டு படம் வந்தா ஒண்டில் கோணேசர் கோயில், இல்லாட்டி கோட்டைக்குள்ள மேயிற மான், அதுவும் இல்லாட்டி நிலாவெளிக் கடல். வடிவுதான், இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா நாங்க குடியிருக்கிற றோட்டையும் வீட்டையும் ஒருத்தரும் படம் எடுக்கிறதாத் தெரியேல்ல. உவர்மலை ஒழுங்கைகள், என்.சி. வீதிப் பக்கம் முன் விறாந்தை வச்ச பழைய ஓட்டு வீடுகள், இதெல்லாம் ஒவ்வொண்டா இடிபட்டு மாடி எழும்பின பிறகு "இதில முந்தி ஒரு வீடு நிண்டதே" எண்டு கதைக்கிறதோட சரி, காட்டுறதுக்கு ஒரு படம் இல்ல.

லண்டன்ல மகள் வீட்டில நிண்ட காலத்தில ஹம்ஸ்டெட் கார்டன் சபேர்ப் எண்ட இடத்தில கமராவோட திரிஞ்ச பிறகுதான் இதை எழுதோணும் எண்டு பட்டது. கோல்டர்ஸ் கிறீன் ஸ்டேஷன்ல இறங்கி நடக்கிற தூரம். ஹென்றியேட்டா பார்னெட் எண்ட அம்மா முன்னுக்கு நிண்டு 1907ல கட்டத் தொடங்கின குடியிருப்பு, பிளான் போட்டது ரேமண்ட் அன்வினும் பாரி பார்க்கரும், நடுச் சதுக்கத்தில நிக்கிற ரெண்டு சேர்ச்சும் லட்யன்ஸ் வரைஞ்சது, புது டெல்லிக்குப் பிளான் போட்ட அதே ஆள்தான். சராசரியா ஏக்கருக்கு எட்டு வீடு, எதிரெதிர் வீடுகளுக்கு இடையில 50 அடி, வீட்டுக்கு வீடு எல்லையா மதில் கட்டாம செடி வேலி. ஒடுக்கமான ஒழுங்கை விடுறதுக்கு அந்த நேரத்து றோட்டுச் சட்டம் இடம் குடுக்காதபடியா 1906ல பார்லிமென்ட்ல இதுக்கெண்டே ஒரு சட்டம் எடுத்திருக்கிறாங்க, யோசிச்சுப் பாருங்க, ஒரு ஒழுங்கைக்காக!

படம் எடுக்கிற ஆளுக்கு அந்த வேலி ஒரு வரம். இடுப்பளவுக்கு மட்டமா வெட்டின செடி, நடுவில சின்ன மரக் கேற், அதுக்குப் பின்னால செங்கட்டிச் சுவர், சரிஞ்ச ஓட்டுக் கூரை, உயரமான புகைபோக்கி, எல்லாம் றோட்டில நிண்டபடியே பிரேமுக்குள்ள வந்திடும். அங்க வானம் எந்நேரமும் மூட்டமாத்தான் கிடக்கும், அது வீட்டுப் படத்துக்கு நல்லது, நிழல் கறுப்பா விழாது. வாட்டர்லோ கோர்ட் எண்டு ஒரு கட்டடம் இருக்கு, தனியா இருந்து வேலைக்குப் போற பொம்பிளைகளுக்கெண்டு 1909ல பெய்லி ஸ்கொட் கட்டினது, நடு முற்றத்தைச் சுத்தி வளைவு வளைவா நடை, நம்மட பழைய நாற்சார் வீட்டை நினைச்சுக்கொண்டுதான் எனக்கு அதைப் பார்க்க முடிஞ்சது.

அதுக்காக அது சொர்க்கம் எண்டு சொல்ல வரேல்ல. பணக்காரனும் கூலிக்காரனும் பக்கத்தில பக்கத்தில இருக்கோணும் எண்டு தொடங்கின இடம், இப்ப கூலிக்காரன் கனவிலயும் அங்க வீடு வாங்கேலாது. வெளிப்பக்கத்தை மாத்துறதுக்கும் மரம் வெட்டுறதுக்கும் அனுமதி வேணும், இங்க அப்பிடிச் சொன்னா எங்கட ஆக்கள் சண்டைக்கு வந்திடுவாங்க.

இங்க எங்கட பிரச்சினை மதில். சண்டைக் காலத்தில பயத்துக்கு உயர்த்தினம், பிறகு கள்ளனுக்கு உயர்த்தினம், இப்ப ஸ்டைலுக்கு உயர்த்துறம், மேல போத்தல் ஓடு வேற, வீட்டைப் படம் எடுக்கப் போனா தகரக் கேற்றும் அதில ஒட்டின நோட்டீசும்தான் வரும். மற்றது சந்தேகம். டொக்யார்ட் பக்கமும் கோட்டைப் பக்கமும் படைமுகாம், அங்க கட்டுப்பாடு இருக்கிறது விளங்குது, ஆனா சும்மா ஒரு ஒழுங்கையில போனைத் தூக்கினாலே "என்னத்துக்குத் தம்பி எடுக்கிறீங்க, காணிப் பிரச்சினையா?" எண்டு நாலு பேர் வந்திடுறாங்க. அவங்களிலயும் பிழை இல்ல. காணியால பட்ட சனம்.

அதாலதான் தனி ஆளா போகாம பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆசிரியரோட போய், வீட்டுக்காரரிட்டக் கேட்டு எடுக்கலாம் எண்டு சொல்றன். பெரிய கமரா ஒண்டும் தேவையில்ல. எதிர்ப்பக்க ஓரத்தில போய் நிண்டு போனைச் சரிக்காம நேராப் பிடிச்சா சுவர் சாயாது, கிட்ட நிண்டு வைட்ல எடுத்தா வீடு வளைஞ்சு விழும். கிழக்கு பார்த்த வீட்டுக்கு விடியக்காலம், மேற்கு பார்த்ததுக்குப் பின்னேரம், நம்மட மத்தியான வெயில்ல விறாந்தைக்குள்ள ஒண்டும் தெரியாது, மார்கழி மாரி மூட்டம் இருக்கே, அந்த நேரம் மழை விட்ட இடைவெளியில எடுத்துப் பாருங்க. சின்னப் பிள்ளைகளின்ர முகம், வாகன நம்பர் வராமப் பார்க்கோணும். ஒவ்வொரு படத்துக்கும் தேதி, வீதிப் பேர் எழுதி நூலகத்தில ஒரு பிரதி குடுக்கோணும், தேதி இல்லாத படம் இருபது வருசத்துக்குப் பிறகு ஒருத்தருக்கும் உதவாது. முடிஞ்சா அடுத்த வருசமும் அதே இடத்தில நிண்டு எடுக்கோணும்.

உங்களிட்டக் கேக்கிறது ஒண்டுதான். வாரத்தில ஒரு கால் பக்கம் இதுக்கு விடுங்கோ, வாசகர் அனுப்புற வீதிப் படம் ஒண்டு, கீழ அந்த வீட்டைப் பற்றி நாலு வரி, வீட்டுக்காரர் சம்மதிச்சா மட்டும். என்.சி. வீதியில ஒரு வீட்டுக்காரர் எனக்கு ஓம் எண்டிட்டார், அடுத்த மாசம் ஓடு கழட்டப் போறாராம், அதுக்கு முதல் பதில் போடுங்கோ.

இப்படிக்கு,
உவர்மலை வாசகர் ஒருவர்,
திருகோணமலை.