வட்டைக்குத் திரும்பி வந்தவருக்கு எத்தனை புள்ளி?

பல்கலைக்கழக விவசாய பீடங்களின் பதவியுயர்வுக் குழுக்களில் அமரும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நான் மட்டக்களப்பு படுவான்கரைக்காரன். விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வெல்லாவெளிப் பக்கம் மூன்று ஏக்கர் வயல் இருக்கிறது. ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றுகூட எழுதியதில்லை. ஆனால் கட்டுரை எழுத வந்தவர்கள் பலரை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு வட்டை வட்டையாகத் (வயல்வெளியை நாங்கள் வட்டை என்போம்) திரிந்திருக்கிறேன். அந்த உரிமையில்தான், ஆய்வு முடிவோடு வயலுக்குத் திரும்பி வருகிறவருக்கும் பதவியுயர்வில் புள்ளி கேட்டு இந்த மடல்.

என் மருமகள், அக்காவின் மகள், தாவரவியல் விரிவுரையாளர். போன முறை வீட்டுக்கு வந்தபோது போனை நீட்டி, "மாமா, என்ட எச் சுட்டெண் ஏழு" என்றாள். எனக்கு எச் என்றால் எச்-4 நெல்தான். சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் விளங்கப்படுத்தினாள். ஏழு கட்டுரைகள் இருந்து, ஒவ்வொன்றையும் குறைந்தது ஏழு வேறு கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருந்தால் சுட்டெண் ஏழு. 2005இல் ஹேர்ஷ் என்ற பௌதிகவியலாளர் கொண்டுவந்த கணக்காம். கெட்டிக்காரக் கணக்குத்தான். யாரும் திரும்பிப் பார்க்காத நூறு கட்டுரைகளைக் குவித்து வைத்தாலும் சுட்டெண் ஏறாது.

ஆனால் அந்த எச்-4 என் தலையை விட்டுப் போகவில்லை. பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஹெக்டர் வீரரத்ன என்ற விஞ்ஞானி, முருங்கைக்காயன் என்ற நம் நாட்டு நெல்லையும் மாஸ் என்ற இந்தோனேசிய நெல்லையும் கலந்து உண்டாக்கிய இனம் அது. 1958இல் வெளிவந்தது. என் அப்பா அதை விதைத்தார். வீரரத்ன என்ற பெயர் அவர் காதில் விழுந்ததே இல்லை. வெட்டு முடிந்ததும் பக்கத்து வயற்காரருக்கு அரை மூடை விதைநெல் அளந்து கொடுத்தார், அவ்வளவுதான். வயல் மேற்கோள் காட்டுவது அப்படித்தான். அதை எந்தச் சுட்டெண்ணில் சேர்ப்பீர்கள்?

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். இது வெள்ளத்தோடு சம்பந்தப்பட்டது. 2011 தை மாதம் எங்கள் பக்கம் வயல் எது, வாவி எது என்று தெரியாமல் கிடந்ததை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நெல்லுக்குத் தண்ணீர் பிடிக்கும் என்பார்கள். தலைக்கு மேலே நின்றால் பிடிக்காது. மூழ்கிய பயிர் மூச்செடுக்கத் தவித்து மேலே மேலே நீளும். இருக்கிற பலமெல்லாம் அதிலேயே போய்விடும். தண்ணீர் வடியும்போது நூல்போலச் சாய்ந்து அழுகும்.

1970களில் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நெல்லினங்களை நீரில் அமிழ்த்திப் பார்த்தார்கள். நன்றாகத் தாக்குப்பிடித்தவற்றில் ஒன்று ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ. தவளு, கொட ஹீனட்டி, குர்கறுப்பன் என்ற மூன்று நம் நாட்டு நெற்களும் அந்த வரிசையில் இருந்தன. (கடைசிப் பெயரைப் பாருங்கள். ஆங்கில எழுத்தில் ஏறி இறங்கியதில் முன்பாதி நசுங்கிவிட்டது. கறுப்பன் மட்டும் கறுப்பனாகவே நிற்கிறான்.) பிறகு டேவிட் மக்கில் என்ற நெல் விஞ்ஞானியும் அவருடைய மாணவர் கெனொங் சூவும், அந்தக் குணம் எஃப்ஆர்13ஏயின் 9ஆவது நிறமூர்த்தத்தில் இருப்பதை 1996இல் கண்டார்கள். பமெலா ரொனால்ட் என்ற தாவர விஞ்ஞானியின் ஆய்வுகூடமும் சேர்ந்து, மரபணுவை இனங்கண்ட கட்டுரை 2006இல் நேச்சர் இதழில் வந்தது. அந்த மரபணு உள்ள பயிர் வெள்ளத்தில் நீளப் பார்ப்பதில்லை. மூச்சடக்கிக்கொண்டு இரண்டு கிழமை வரை அப்படியே கிடக்கும், தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும்.

அந்தக் கட்டுரையை உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள், காட்டத்தான் வேண்டும். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. அவர்கள் புதுசாக ஒரு நெல்லை உண்டாக்கி விவசாயியின் தலையில் கட்டவில்லை. இந்தியாவில் சனங்கள் ஏற்கெனவே விரும்பி விதைத்த சுவர்ணா நெல்லிலேயே அந்தக் குணத்தைத் திரும்பத் திரும்பக் கலந்து ஏற்றினார்கள். 2009இல் அது இந்திய வயலுக்கு வந்துவிட்டது. எந்த நெல்லை விதைக்கிறாய் என்று விவசாயியிடம் கேட்காமல் செய்யக்கூடிய வேலையா இது?

இனி என் மனத்தாங்கலுக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஓர் ஆய்வுக் குழு எங்கள் வட்டைக்கு வந்தது. எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை. வரம்பில் கம்பு நட்டார்கள், பொலித்தீன் பையில் மண் எடுத்தார்கள், நாற்பது கேள்வி கேட்டார்கள், கதிர் எண்ணினார்கள். நல்ல பிள்ளைகள். வயற்குடிசையான வாடியில் இருந்து எங்களோடு மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டார்கள். முடிவு வந்ததும் சொல்கிறோம் என்றார்கள். மூன்று மாரி போயிற்று. கடைசியில் மருமகள்தான் அந்தக் கட்டுரையைப் போனில் கண்டுபிடித்தாள். எங்கள் ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது, வரைபடமும் இருந்தது. முழுக்க வாசிக்கக் காசு கட்ட வேண்டுமாம். என் வயலில் எவ்வளவு உவர் என்று தெரிந்துகொள்ள என்னிடமே நாற்பது டொலருக்குக் கிட்டக் கேட்டது!

சரி, நான் கேட்பது பெரிய விசயமில்லை. பதவியுயர்வுப் புள்ளிகளில் ஆராய்ச்சிக்கு ஒரு பங்கு, கற்பித்தலுக்கு ஒரு பங்கு, அறிவைப் பரப்புவதற்கும் ஒரு பங்கு இருப்பது எனக்குத் தெரியும். அந்த மூன்றாவது பங்கில் ஓர் இடம் ஒதுக்குங்கள். யாருடைய வயலில் ஆய்வு நடந்ததோ, அவர்களுக்கு ஒரு பக்க முடிவு, தமிழிலோ சிங்களத்திலோ. பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் நின்று அதை வாசித்து, கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கமக்காரர் அமைப்பின் செயலாளர் கையெழுத்துப் போட்டுத் தருவார். விதையோ முறையோ சொல்லிக் கொடுத்தவர் என்றால், மூன்று போகம் கழித்து எத்தனை பேர் அதை இன்னும் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அதில் பொய் சொல்வது கஷ்டம். பிடிக்காத நெல்லை எங்கள் ஆட்கள் இரண்டாம் போகத்திலேயே விட்டுவிடுவார்கள்.

போட்டோ எடுப்பதற்காகவே வருவார்கள் என்பீர்கள். வரட்டும். கட்டுரைகளிலும் நீ என்னைக் காட்டு, நான் உன்னைக் காட்டுகிறேன் என்று நடப்பதில்லையா? போட்டோ எடுக்க வந்தவரையும் வரம்பில் மறித்து நான்கு கேள்வி கேட்க எங்களுக்குத் தெரியும்.

மருமகள் இப்போது அறக்கொட்டியான் பூச்சிக்கு ஈடுகொடுக்கும் நெல்லைப் பற்றி ஆய்வு செய்கிறாள். வெட்டுக் காலத்தில் வயலில் நின்று கணக்கெடுக்க வேண்டும், கட்டுரை அனுப்பும் தவணையும் அதே மாதம். எதை விடுவது என்று என்னைக் கேட்டாள். கட்டுரையை எழுது என்றுதான் சொன்னேன். உங்கள் மேசையில் எது செல்லும் என்று தெரிந்துதான் சொன்னேன். சொன்ன பிறகு அன்றிரவு நித்திரை வரவில்லை.

மாசியில் எங்கள் வட்டையில் வெட்டு. உங்களில் யாராவது வருவதென்றால் வாடியில் சோறு இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.