மாடி வேலை நடக்கும் வீட்டிலிருந்து மகளுக்கு

பாளையங்கோட்டை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று சாயங்காலம் போனில் மறுபடியும் அதையே கேட்டாய். "எதுக்கும்மா அந்தத் தூசிக்குள்ள கிடக்கீங்க? மாடி வேலை முடியிற வரைக்கும் ஒரு வாடகை வீட்டுக்குப் போனா என்ன?" மேலே கம்பி வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னதில் பாதி உனக்குக் கேட்டிருக்காது. கோபத்தில் போனை வைத்துவிட்டேன் என்று நினைத்திருப்பாய். கோபமெல்லாம் இல்லை. எழுதினால்தான் முழுசாகச் சொல்ல முடியும் என்று தோன்றியது.

முதலில் ஆச்சியை நினைத்துப் பார். அவர்களுக்குக் கண் மங்கி எத்தனை வருஷமாகிறது? ஆனாலும் ராத்திரி கட்டிலில் இருந்து எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே குளியலறைக்குப் போய் வந்துவிடுகிறார்கள். எந்த இடத்தில் வாசற்படி உயரம், எங்கே அலமாரிக் கதவு நீட்டிக்கொண்டு நிற்கும் என்பதெல்லாம் அவர்கள் கைக்குத் தெரியும். புது வீட்டில் அது ஒன்றும் நடக்காது. இந்த வயதில் ஒரு தடவை வழுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். வாடகைப் பணத்தைப் பற்றி அப்பா ஒரு கணக்கு வைத்திருக்கிறார், அதை விடு. பணம் இருந்திருந்தாலும் நான் ஆச்சியைக் கூட்டிக்கொண்டு போயிருக்க மாட்டேன்.

அதைவிடப் பெரிய காரணம் வேலைதான். வீட்டுக்காரர்கள் பக்கத்தில் இருந்தால்தான் வேலை நேராக நடக்கும் என்று ஊரில் சொல்வதை நீ சந்தேக புத்தி என்பாய். நம் மேஸ்திரி நல்ல மனிதர், கை சுத்தம். அவரை நம்பாமல் நான் நிற்கவில்லை. ஆனால் அவருக்கு இன்னும் இரண்டு இடத்தில் வேலை ஓடுகிறது. இன்ஜினியர் வாரத்தில் இரண்டு தடவைதான் வருகிறார். மற்ற நேரமெல்லாம் மேலே நடப்பதைப் பார்க்கிற கண் நம்முடையதுதான்.

1996இல் இந்த வீட்டைக் கட்டியபோது, பின்னால் மாடி எடுக்கலாம் என்று தூண் கம்பிகளை மேலே நீட்டி விட்டிருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க அந்தக் கம்பியில்தான் துணி காயப்போடக் கொடி கட்டியிருந்தோம். அதை நம்பித்தான் அப்பா மாடிக் கணக்கே போட்டார். இன்ஜினியர் வந்ததும் முதல் வேலையாகப் புறவாசல் பக்கம் ஒரு தூணை ஒட்டித் தோண்டச் சொல்லி, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்று அளந்தார். அது மேல் பாரத்தைத் தாங்கும் என்றார். அப்புறம் கம்பிகளைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொன்னார். சிலது தேய்த்ததும் பளிச்சென்று வந்தது. அடுக்களைக்கு மேலே இருந்த தூணில் மட்டும் துரு உள்ளே வரைக்கும் தின்று, கம்பி பாதியாக இளைத்துப் போயிருந்தது. அங்கே தூணில் துளை போட்டு, ரசாயனப் பசை விட்டுப் புதுக் கம்பி நட்டார்கள். பழைய கம்பியோடு புதுக் கம்பி சேருகிற இடத்தில், கம்பியின் தடிமனைப் போல 50 மடங்கு நீளத்துக்கு இரண்டும் சேர்ந்து ஓட வேண்டுமாம். 16 மில்லிமீட்டர் கம்பி என்றால் இரண்டரை அடிக்கு மேல். அப்பா டேப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அளந்தார்.

தூண் வேலைக்கு முன்னால் தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், பதித்திருந்த பழைய தட்டோட்டையும், அதற்குக் கீழே செங்கல் பொடியும் சுண்ணாம்பும் கலந்து போட்டிருந்த சுருக்கியையும் கொத்தி எடுத்தார்கள். மேலே அறை வரும்போது அந்தப் பாரம் எதற்கு என்று. அது நியாயம்தான். ஆனால் எடுத்த வாரமே கோடை மழை கொட்டியது. இத்தனை வருஷம் மழையைத் தாங்கியது அந்த ஓடுதான் என்பது அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அடுக்களையில் மூன்று இடத்தில் சொட்டியது. அரிசி டிரம்மை நகர்த்தி, குண்டான், வாளி எல்லாம் வைத்து, ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு மெழுகுவத்தி ஏற்றினோம். முன்பக்கத் தார்சாவில், அந்த முன்கூடத்தில், கட்டிலை இழுத்துப் போட்டு ஆச்சியைப் படுக்க வைத்தேன். வீட்டில் ஆள் இல்லாமல் இருந்திருந்தால் மறுநாள் காலையில் மேஸ்திரி வந்துதான் பார்த்திருப்பார். சுவிட்ச் போர்டுக்குள் தண்ணீர் இறங்கி நின்றிருக்கும். அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் தார்ப்பாய் விரித்துவிட்டுத்தான் ஆட்கள் கீழே இறங்குகிறார்கள்.

தூசியைப் பற்றி நீ கேட்டாய். இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். இப்போது ஆற்று மணல் எங்கே கிடைக்கிறது, எல்லாம் எம் சாண்ட்தான். கல்லை உடைத்து அரைத்த மணல் என்பதால் அதன் மாவு லேசாகக் காற்றடித்தாலும் ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்துவிடுகிறது. அடுக்களை ஜன்னலுக்குப் பழைய வாயில் சேலையை நனைத்துக் கட்டியிருக்கிறேன். மதியம் அவிழ்த்துப் பிழிந்தால் சாம்பல் நிறத்தில் தண்ணீர் வருகிறது. சமையலை எட்டரைக்குள் முடித்துவிடுகிறேன், அதற்கு அப்புறம்தான் கலவை மெஷின் ஓட ஆரம்பிக்கும். மத்தியானம் ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரைக்கும் அவர்கள் சாப்பாட்டு நேரம். அந்த ஒரு மணி நேர அமைதியில் ஆச்சி தூங்கிவிடுகிறார்கள். அப்பாவுக்கு இருமல் வந்தது உண்மை. டாக்டரிடம் காட்டியாயிற்று. இப்போது மாஸ்க் இல்லாமல் மேலே போவதில்லை.

ஆச்சிக்கு இந்தச் சத்தம் பிடித்திருக்கிறது என்றால் நம்புவாயா? தார்சாவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மேலே போகிற ஒவ்வொருவரையும் எந்த ஊர், வீட்டில் யார் யார் என்று விசாரிக்கிறார்கள். மேஸ்திரியிடம் ஒருநாள், எங்கள் காலத்தில் சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டித் தண்ணியும் ஊற்றி அரைப்போம், நீங்கள் என்ன ஊற்றுகிறீர்கள் என்று கேட்டார்கள். அவருடைய தாத்தா அப்படி அரைத்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறாராம். வேலையை விட்டுவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார். ஆச்சி இவ்வளவு பேசி நான் ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை.

சித்தாளாக வருகிற பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு பேர். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கலவைச் சட்டியைத் தலையில் சுமந்து படி ஏறுகிறார்கள். ஆம்பளைக் கையாளைவிடக் கூலி குறைவு. அது எனக்கு ஒத்துக்கொள்ளவே முடியவில்லை, மேஸ்திரியிடமும் சொன்னேன். ஊர் வழக்கம் அப்படி என்றார். வழக்கம் என்றால் சரியாகிவிடுமா? முதல் வாரம் அவர்கள் தண்ணீரே குடிக்காமல் வேலை செய்ததைக் கவனித்தேன். காரணம் கேட்டால் சிரித்தார்கள். போக இடம் இல்லை, அதுதான் காரணம். புறவாசல் கக்கூஸைக் கழுவி, தாழ்ப்பாள் மாற்றி, சாவியை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டேன். அதில் இளையவளுக்கு நல வாரியத்தில் பதிவு இல்லை. நாம் கட்டட அனுமதி வாங்கும்போதே தொழிலாளர் நல நிதி என்று கட்டுமானச் செலவில் 1 சதவீதம் கட்டுகிறோம். அந்தப் பணம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்குத்தான் போகிறது. கட்டட வேலை செய்கிறவர்கள் 18 வயதிலிருந்து 60 வயது வரை யாரும் பதிவு செய்யலாம். பிள்ளை படிப்புக்கு, பிரசவத்துக்கு, விபத்துக்கு, வயதான பிறகு பென்ஷனுக்கு எல்லாம் அதில் உதவி உண்டு. இவளுக்கு இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ எல்லாம் எடுத்து வரச் சொல்லி, அப்பா கூடப் போய்ப் பதிவுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். நாம் வேறு வீட்டில் இருந்திருந்தால் இது எதுவும் நம் காதுக்கே வந்திருக்காது.

இப்போது தளம் வார்க்கத் தகரமும் பலகையும் வைத்துச் சென்ட்ரிங் அடித்து முடித்து, கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். முந்தாநாள் தண்ணீர் கொடுக்க மேலே போனேன். ஒரு மூலையில் கம்பி அப்படியே தகரத்தின் மேல் படுத்திருந்தது. தளத்துக்குக் கம்பிக்கு அடியில் 20 மில்லிமீட்டராவது காரை இருக்க வேண்டும் என்று இன்ஜினியர் சொன்னது நினைவிலிருந்தது. அதற்குத்தான் கம்பிக்கு அடியில் கொடுக்கிற அந்தச் சின்னச் சின்ன கட்டை, கவர் பிளாக். அது இல்லாமல் போட்டால் கம்பி அடிப்பக்கமே தெரிகிற மாதிரி நிற்கும், ஈரம் பட்டுத் துருப்பிடிக்கும், துரு ஊதிக் காரையைத் தள்ளிவிடும். தெருவில் எத்தனை வீட்டில் சிலாப் பெயர்ந்து கம்பி பல்லிளிக்கிறது, நீயே பார்த்திருக்கிறாய். கம்பி கட்டுகிற பையனிடம் காட்டினேன். அவன் வடக்கேயிருந்து வந்தவன், தமிழ் அரைகுறை. ஆனால் கை வைத்துக் காட்டியதும் புரிந்துகொண்டு, சட்டியில் பிளாக் எடுத்து வந்து அந்த மூலை முழுக்க வைத்துவிட்டுத்தான் டீ குடிக்க வந்தான்.

திங்கட்கிழமை கான்கிரீட். வெயில் ஏறுவதற்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று விடிகாலை ஐந்தரைக்கே ஆரம்பிக்கிறார்கள். ஒரு மூட்டை சிமெண்ட்டுக்குத் தண்ணீர் 25, மிஞ்சிப் போனால் 27 லிட்டர். கலவை இளகி ஓடினால் வேலை சுலபம் என்று கூட ஒரு வாளி ஊற்றிவிடுவார்கள், பலம் போய்விடும். அப்பா மெஷின் பக்கம் நிற்கப் போகிறார். மறுநாளிலிருந்து தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்க வேண்டும். அது என் வேலை. பங்குனி வெயிலில் காலையில் நிறைத்தது மத்தியானம் வற்றிவிடும். வற்ற விடாமல் இரண்டு வாரமாவது பார்த்துக்கொண்டால்தான் தளம் வெடிப்பு இல்லாமல் நிற்கும். இதை யாரிடம் ஒப்படைத்துவிட்டு நான் வாடகை வீட்டில் போய் உட்காருவது?

சரி, உன்னிடம் எனக்கு இரண்டு விஷயம் வேண்டும்.

ஒன்று, ஃபேன் கொக்கியும் லைட்டுக்கான குழாயும் கான்கிரீட்டுக்கு முன்னாலேயே கம்பிக்கு நடுவில் வைத்துவிட வேண்டும். சுவரில் பிளக் பாயிண்ட் என்றால் பிறகு காடி வெட்டி எடுத்துக்கொள்ளலாம், கூரையில் முடியாது. கட்டில் எந்தப் பக்கம் வரும், நீ வேலை செய்கிற மேஜை எந்தப் பக்கம் வரும் என்று பார்த்து, ஃபேன் ஒன்று போதுமா இரண்டு வேண்டுமா என்று மாப்பிள்ளையையும் கேட்டுச் சனிக்கிழமைக்குள் சொல். ஏ.சி. வேண்டுமென்றால் அதையும் இப்போதே சொல்லிவிடு. அதற்கு மெயினிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும். அறை உங்களுக்காகத்தான் எடுக்கிறோம். நாங்களாக ஒன்று வைத்துவிட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறபோது நீ இடம் மாற்ற முடியாமல் நிற்க வேண்டாம்.

இன்னொன்று, ஏப்ரல் கடைசியில் வருகிறேன் என்று டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறாய். வேண்டாம்மா. குட்டியைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்கே தெரியும், ஆனாலும் சொல்கிறேன். தளத்துக்கு முட்டுக் கொடுத்த கம்பங்களை மூன்று வாரத்துக்குப் பிறகுதான் எடுப்பார்கள். எடுத்த கையோடு சென்ட்ரிங் பலகை, ஆணி, கட்டுக்கம்பித் துண்டு எல்லாம் முற்றத்தில்தான் வந்து விழும். ஓடுகிற பிள்ளையை எவ்வளவு நேரம் பிடித்து வைப்பது? மே கடைசி வாரம் வா. அதற்குள் சாமான் எல்லாம் போயிருக்கும். வெளிப்பூச்சும் முடிந்திருக்கும். ஆனி, ஆடிக் காற்றில் பூசினால் ஈரம் சீக்கிரம் காய்ந்து கீறல் விடும் என்பதால், வெளிச்சுவரை அதற்கு முன்னால் முடித்துவிடச் சொல்லியிருக்கிறேன். மாடிப்படிக்குக் கைப்பிடிக் கம்பி வைத்த பிறகுதான் குட்டி மேலே ஏறலாம் என்று மேஸ்திரியிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். சனிக்கிழமையை மறந்துவிடாதே, எலக்ட்ரீஷியன் ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாய் பதிக்க வந்துவிடுவார்.

அன்புடன்,
அம்மா